தடித்த பாவாடையும் அபாயச் சங்கிலியும்

1889-ல் லண்டனில் ஒரு கையடக்கப் புத்தகம் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பயணம் செய்யும் சீமாட்டிகளுக்குச் சில குறிப்புகள்'. எழுதியவர் லில்லியாஸ் கேம்ப்பெல் டேவிட்சன். மூன்று வருடம் கழித்துப் பெண்களுக்கென்றே ஒரு சைக்கிள் சங்கத்தை ஆரம்பித்தவர், அதனால் வீட்டுக்குள் உட்கார்ந்து உபதேசம் செய்த ஆள் என்று ஒதுக்கிவிட முடியாது. குளியல் தொட்டி, மூட்டை முடிச்சு, உடுப்பு, ரயில் விபத்து என்று தலைப்பு தலைப்பாகப் பிரித்து, ஊரைச் சுற்றிய ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுதியிருப்பார். பெண் துணையில்லாமல் கிளம்பலாம், கிளம்ப வேண்டும் என்பதுதான் புத்தகத்தின் அடிநாதம். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அதில் ஒரு பத்தி வருகிறது. தனியாகப் போகும் பெண்களிடம் ஆண்கள் அத்துமீறுவார்களே என்ற பயத்தைப் பற்றி. டேவிட்சனின் பதிலைச் சுருக்கினால் இப்படி: தனக்குத் தெரிந்து அப்படி நடந்த ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் தப்பு அந்தப் பெண்ணின் மேல்தான். குடிக்காமல் நிதானத்தில் இருக்கும் எந்த ஆணும், கண்ணியமாக நடந்துகொள்ளும் பெண்ணிடம் வாலாட்ட மாட்டான்.

இதை அவர் எழுதியபோது இங்கிலாந்தில் செய்தித்தாள் படிக்கும் பழக்கமுள்ள யாருக்கும் கேட் டிக்கின்சன் என்ற பெயர் மறந்திருக்க வாய்ப்பில்லை. பதினான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

1875 ஜூன் 17. டிக்கின்சனுக்கு வயது 22. லண்டன் போகும் ரயிலில் முதல் வகுப்புப் பெட்டியில் தனியாக வருகிறார். லிப்ஹுக் ஸ்டேஷனில் ஒருவர் ஏறுகிறார்: கர்னல் வாலண்டைன் பேக்கர். குதிரைப்படையில் பேர்பெற்ற அதிகாரி, வேல்ஸ் இளவரசரின் நண்பர். கொஞ்ச நேரம் நாகரிகமான பேச்சு. வோக்கிங் தாண்டினால் லண்டனின் வாசல் வரை வண்டி நிற்காது. வோக்கிங் தாண்டியதும் அவர் கை வைத்தார்.

அந்தக் காலத்துப் பெட்டியின் அமைப்பைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். நம்மூர் ரயில் மாதிரி ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு உள்ளேயே நடந்துபோக முடியாது. ஒவ்வொரு அறையும் தனித் தீவு. எதிரெதிராக இரண்டு இருக்கை, இரண்டு பக்கமும் நேராக வெளியே திறக்கும் கதவு, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது யாரும் உள்ளே வர முடியாது, உள்ளே இருப்பவர் வெளியே போகவும் முடியாது. டிக்கின்சன் அபாய மணியை அடிக்கப் பார்த்தார். அது வேலை செய்யவில்லை. ஜன்னலை இறக்கிக் கத்தினார். பிறகு கதவைத் திறந்து வெளியே இறங்கி, ஓடுகிற ரயிலின் படிப்பலகையில் நின்றுகொண்டார். விழாமல் இருக்க அவர் பிடித்திருந்தது, எந்த ஆளிடமிருந்து தப்பி வெளியே வந்தாரோ அதே ஆளின் கையை. வால்டன் பக்கம் வண்டி கடந்தபோது தண்டவாளத்தை ஒட்டி இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். ஈஷர் ஸ்டேஷனில் வண்டி நின்றது.

வழக்கு நடந்தது. பேக்கருக்கு ஒரு வருட ஜெயில், 500 பவுண்டு அபராதம், ராணுவத்திலிருந்து நீக்கம். விடுதலையான பிறகு துருக்கிய சுல்தானிடம் வேலைக்குச் சேர்ந்து பாஷா பட்டம் வாங்கினார். கடைசியில் எகிப்தில் போலீஸ் படைக்குத் தலைமை தாங்கினார். நான் கிண்டல் எதுவும் சேர்க்கவில்லை, அவருடைய வேலை வரலாறே அப்படித்தான்.

சரி, அந்த மணி ஏன் அங்கே இருந்தது? அதற்குப் பின்னால் ஒரு ஆணின் பிணம் இருக்கிறது. 1864-ல் தாமஸ் பிரிக்ஸ் என்ற வயதான வங்கிக்காரர், இதே மாதிரி ஒரு தனித்தீவு அறையில் அடித்துக் கொள்ளையடிக்கப்பட்டுத் தண்டவாளத்தில் வீசப்பட்டார். பிரிட்டனில் ரயிலுக்குள் நடந்த முதல் கொலை என்று அதைச் சொல்வார்கள். பணக்காரர்கள் ஏறும் முதல் வகுப்பிலேயே இப்படியா என்று நாடே பதறியது. நான்கு வருடத்தில் சட்டம் வந்துவிட்டது. 1868-ன் ரயில்வே ஒழுங்குமுறைச் சட்டப்படி, 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் எல்லாப் பயணிகள் வண்டியிலும் பயணி ரயில் ஊழியரைக் கூப்பிட ஒரு வழி இருக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் அதைப் பயன்படுத்தினால் 5 பவுண்டு வரை அபராதம். நம்மூர் ரயிலில் 'அபாயச் சங்கிலி' என்று சிவப்பு எழுத்தில், கீழே அபராதத் தொகையோடு தொங்குவதன் மூதாதை அதுதான். ஆரம்ப காலத்தில் பல வண்டிகளில் அது கூரை ஓரமாகப் பெட்டிக்கு வெளியே ஓடும் கயிறு. ஜன்னலை இறக்கிக் கையை வெளியே நீட்டித் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும்.

பிரிக்ஸ் செத்தபோது, அவர் கண்ணியமாக உட்கார்ந்திருந்தாரா, யாரோடாவது சிரித்துப் பேசினாரா என்று யாரும் கேட்கவில்லை. நேராகப் பெட்டியின் அமைப்பைத்தான் குறை சொன்னார்கள். அதுதான் சரி. டிக்கின்சன் விஷயத்தில் பேச்சு வேறு திசையில் போனது. தனியாக வரும் பெண்ணோடு ஒரே அறையில் போனால் ஆண்களின் மானத்துக்கு ஆபத்து, எவளாவது பொய்ப் புகார் கொடுத்துப் பணம் பறிப்பாள் என்ற புலம்பல் பத்திரிகைகளில் பெருகியது. பெண்ணுக்கு, எப்போதும்போல, புத்திமதி.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு புகார் வரும். சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய நேரமோ மனமோ இல்லையென்றால் 'யூசர் எரர்' என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டு, உதவிக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுவோம்: 'தயவுசெய்து இந்தப் பட்டனை இரண்டு முறை அழுத்தாதீர்கள்.' அந்த வரி பொய் இல்லை. இரண்டு முறை அழுத்தாதவர்கள் தப்பிப்பார்கள். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

இதே கண்ணோடு மேரி கிங்ஸ்லியைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். 1892-ல் பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்த பிறகு, முப்பது வயதில், மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியவர் கிங்ஸ்லி. போவதற்கு முன் தெரிந்தவர்களிடமெல்லாம் ஆலோசனை கேட்டிருக்கிறார். உலகிலேயே ஆளைக் கொல்லும் இடம் அதுதான் என்று டாக்டர்கள் நோய்ப் பரவல் வரைபடத்தைக் காட்டினார்களாம். அவர் கைக்கு வந்த ஒரு தஹோமி மொழிச் சொற்றொடர்க் கையேடு, 'காப்பாற்றுங்கள், மூழ்குகிறேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியத்தோடுதான் ஆரம்பித்ததாம். பயண ஆலோசனை என்ற சமாசாரத்தின் மேல் அவருக்கு இருந்த நக்கல் 1897-ல் வந்த அவருடைய 'மேற்கு ஆப்பிரிக்கப் பயணங்கள்' நூல் முழுக்க ஓடுகிறது.

அந்தப் புத்தகத்தின் புகழ்பெற்ற காட்சி, இன்றைய காபோன் நாட்டுக் காட்டில் நடப்பது. மிருகம் பிடிக்கத் தோண்டிய 15 அடிப் பள்ளத்தில் கிங்ஸ்லி விழுகிறார். அடியில் 12 அங்குல நீளத்தில் கருங்காலி முளைகள். கீழே உட்கார்ந்த நிலையில் தன் தடித்த பாவாடையை வாழ்த்துகிறார். இங்கிலாந்தில் எத்தனையோ பேர் ஆண் உடை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், கேட்டிருந்தால் முளை எலும்பு வரை இறங்கியிருக்கும் என்கிறார். ஆக, பாவாடை போட்டது ஆலோசனையைக் கேட்டதால் அல்ல, மீறியதால்.

பெண் பயணிகளைப் பற்றி எழுதுகிற எல்லாரும் இந்தப் பாவாடையை மேற்கோள் காட்டுவார்கள். அடுத்து வருவதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவரோடு வந்த ஃபாங் இன ஆட்கள் காட்டுக்கொடியைக் கயிறாக்கி அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். பாவாடை குத்தாமல் காத்தது, சரி. 15 அடிப் பள்ளத்திலிருந்து பாவாடை யாரையும் தூக்கிவிடாது. கிங்ஸ்லி இதைத் தெரியாதவர் இல்லை. துணியும் புகையிலையும் தூண்டில் முள்ளும் எடுத்துப்போய் வியாபாரம் செய்துகொண்டே பயணம் செய்தார். வியாபாரிக்கு ஊரில் ஒரு இடம் உண்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்குக் கிடையாது என்பது அவர் கணக்கு. புருஷன் எங்கே என்ற கேள்விக்கு அவர் கண்டுபிடித்த பதில் இன்னும் அருமை: இல்லை என்று சொல்லாதீர்கள், தேடிக்கொண்டு போகிறேன் என்று சொல்லுங்கள். நீங்கள் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் அவர் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அலுவலகங்களில் ஆன்சைட் போகிறவர்களுக்கு ஒரு பிடிஎஃப் வரும். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு பக்கம் இருக்கும். கல்யாணம் ஆகாவிட்டாலும் மோதிரம் போட்டுக்கொள், ரூம் நம்பரைச் சத்தமாகச் சொல்லவிடாதே, ராத்திரி தனியாக டாக்ஸி ஏறாதே. கிங்ஸ்லியின் இல்லாத புருஷன் 130 வருடம் கழித்து ஒரு கவரிங் மோதிரமாகச் சுருங்கிவிட்டார். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி அதைப் படித்துவிட்டுக் கேட்டாள், "சரிடா, ராத்திரி ஒரு மணிக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டது யாரு? நானா?"

உடல்நல ஆலோசனையிலும் இதே கதைதான். வெப்பநாடுகளுக்குப் போகும் வெள்ளைக்காரர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு சொன்ன மந்திரம் ஃபிளானல். உடம்பை ஒட்டி எப்போதும் ஃபிளானல் துணி இருக்க வேண்டும். அதிலும் 'காலரா பெல்ட்' என்று ஒன்று: வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையான ஃபிளானல். வயிற்றில் குளிர் ஏறினால்தான் காலராவும் பேதியும் வரும் என்று நம்பினார்கள். சித்திரை வெயிலில் வயிற்றைச் சுற்றிக் கம்பளித்துணி, நினைத்தாலே வேர்க்கிறது. 1854-லேயே ஜான் ஸ்னோ லண்டனில் ஒரு தண்ணீர் பம்ப்பைக் காட்டிக் காலரா குடிநீரில் வருகிறது என்று வாதாடிவிட்டார். 1884-ல் ராபர்ட் கோச் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தே எடுத்துவிட்டார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் பெல்ட் போகவில்லை. பெல்ட்டைக் கட்டச் சொல்வது சுலபம், காசு உங்களுடையது. சுத்தமான குழாய்த் தண்ணீர் கொடுப்பது நகராட்சியின் காசு.

கிங்ஸ்லி 37 வயதில் இறந்தார். ஆப்பிரிக்கக் காடு கொல்லவில்லை. 1900-ல் தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுனில் போயர் போர்க் கைதிகளுக்கு நர்ஸாகச் சேவை செய்யப் போய், அங்கே டைபாய்டு வந்து ஜூன் 3 அன்று இறந்தார். அந்தப் போரில் குண்டடிபட்டு இறந்த பிரிட்டிஷ் வீரர்களைவிட நோயில் இறந்தவர்கள் அதிகம். அழுக்குத் தண்ணீருக்குத் தடித்த பாவாடை என்ன செய்யும்?

இதையெல்லாம் வைத்து, அந்தக் காலத்தில் யாருமே அமைப்பைத் தொடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. புத்தகம் எழுதாத சில பெண்கள் ரயில் நிலையங்களில் போய் நின்றார்கள். 1877-ல் சுவிட்சர்லாந்தில் 'இளம்பெண்ணின் தோழிகள்' என்ற பொருளில் ஒரு சர்வதேச ஒன்றியம் பிறந்தது. வேலை தேடி வேற்றூர் போகும் பெண்களுக்கு நம்பகமான தங்குமிடங்களின் முகவரிகளைச் சேர்த்துக் கொடுப்பது, வண்டியில் வந்து இறங்கும்போது அழைத்துப்போக ஆள் அனுப்புவது அவர்கள் வேலை. 1885-ல் லண்டனில் 'டிராவலர்ஸ் எய்ட் சொசைட்டி' இதையே துறைமுகங்களிலும் ஸ்டேஷன்களிலும் செய்தது. 1894-ல் பெர்லினில் ஆரம்பித்த ரயில்நிலையச் சேவை இன்றைக்கும் ஜெர்மனியின் பெரிய ஸ்டேஷன்களில் இருக்கிறது, இப்போது எல்லாருக்குமாக. வேலைக்காரப் பெண்ணைப் பிளாட்பாரத்தில் புரோக்கர் கொத்திக்கொண்டு போவதற்கு முன்னால், பேட்ஜ் குத்திய ஒரு அம்மா போய்ப் பேசுவார். அவர்களிடமும் உபதேசம் மூட்டை மூட்டையாக இருந்தது, மத வாசனை வேறு. இருந்தாலும் கையில் முகவரியும் படுக்கையும் இருந்தது. 1904-ல் பாரிஸில் கையெழுத்தான பெண் கடத்தலுக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தம், ஸ்டேஷன்களையும் துறைமுகங்களையும் கண்காணிக்கும் பொறுப்பை அரசாங்கங்களின் தலையில் வைத்தது. அதுவும் ஒரு வகையில் அபாயச் சங்கிலிதான்.

ஆனால் கண்காணிப்புக்கு ஒரு குணம் உண்டு. யாரைக் கண்காணிப்பது என்பதை அது சீக்கிரம் மாற்றிக்கொள்ளும். டேவிட்சனின் வாசகிக்குக் கிடைத்தது அறிவுரை. கேட்கலாம், கேட்காமலும் போகலாம். மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கிய பெண்ணுக்குக் கிடைத்தது விசாரணை. எங்கே போகிறாய், யார் கூப்பிட்டது, கடிதம் இருக்கிறதா. வசதியுள்ளவளுக்குக் குறிப்பு, இல்லாதவளுக்கு அனுமதி என்ற இந்தப் பிரிவினை அப்போதே விழுந்துவிட்டது.

இதே காலத்தில் டேவிட்சனையும் கிங்ஸ்லியையும்விட அதிகமாகக் கடல் கடந்த பெண்கள் இருந்தார்கள். இந்திய ஆயாக்கள். சென்னை, பம்பாய், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களோடு கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தைகளையும் துரைசானியையும் பார்த்துக்கொண்டு போனவர்கள். இங்கிலாந்தில் கால் வைத்ததும் அவர்கள் வேலை முடிந்தது. திரும்பும் டிக்கெட்டைக் குடும்பம் கொடுத்தால் உண்டு. கொடுக்காவிட்டால் தெருதான். 1910-ல் லண்டனில் ஓர் அரசுக் குழு, திக்கற்றுப்போன இந்திய, காலனி மக்களைப் பற்றி விசாரித்தது. இரண்டு வருடம் முன்பு ஓர் ஆயாவைக் கையில் 1 பவுண்டு கொடுத்து கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போன குடும்பத்தின் கதை அங்கே வந்தது. எல்லாப் பயணக் கையேடுகளும் எச்சரித்த அந்நிய ஆள் அவர் வாழ்க்கையில் வரவே இல்லை. அவரை நட்டாற்றில் விட்டது, அறிமுகமான, கௌரவமான, குழந்தை குட்டியுள்ள ஒரு குடும்பம்.

லண்டன் ஹாக்னியில், கிங் எட்வர்ட் சாலையில், ஆயாக்களுக்கென்றே ஒரு விடுதி இருந்தது. 1900 முதல் ஒரு கிறிஸ்தவ மிஷன் நடத்தியது. அங்கே ஒரு ஏற்பாடு. ஆயாவின் திரும்பும் டிக்கெட்டைக் குடும்பம் விடுதியிடம் ஒப்படைக்கும். இந்தியா போகும் இன்னொரு குடும்பத்துக்கு ஆள் தேவைப்படும்போது, டிக்கெட்டோடு சேர்த்து ஆயாவையும் அனுப்பிவைப்பார்கள். அதுவரைக்கும் அந்தப் பணத்தில் சாப்பாடும் படுக்கையும். ஆளை டிக்கெட்டோடு கைமாற்றும் அந்த முறை எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் ஆயா ஊர் திரும்பினார். அங்கே தங்கியவர்களில் ஆன்டனி பரேரா என்ற அம்மா ஒருவர், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 54 முறை பயணம் செய்தவர். ஐம்பத்து நான்கு! எந்தக் கப்பலில் எந்த மூலையில் படுத்தால் குமட்டாது, எந்தத் துரைசானி சம்பளத்தில் கை வைப்பாள், திரும்பும் டிக்கெட்டை எப்போது கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் யாரும் 'சில குறிப்புகள்' எழுதச் சொல்லவில்லை. 2022-ல் அந்த விடுதிக் கட்டடத்தில் நீலப் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள்.

ஆயாக்கள் வழக்கொழியவில்லை, கப்பல் விமானமாக மாறியது, இங்கிலாந்து வளைகுடாவாக மாறியது. அறிவுரையும் அனுமதியும் என்ற பிரிவினையும் கூடவே வந்தது. இந்தியாவில் பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு ஒப்புதல் தேவை என்று பதிவாகும். அந்த வகைப் பாஸ்போர்ட்டில், நர்ஸ் மாதிரியான விலக்கு இல்லாமல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆணுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. என்னோடு வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் துபாய் போனால் இரண்டு பக்க பிடிஎஃப். அதே வயதில் அதே ஊருக்கு வீட்டுவேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்குக் கதவே திறக்காது. அதனால் அவள் போகாமல் இருக்கிறாளா? டூரிஸ்ட் விசாவில் போகிறாள், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல்.

இலங்கையில் இது உயிரோடு போனது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக், 1988-ல் பிறந்த தமிழ் பேசும் முஸ்லிம் பெண். 2005-ல் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனபோது பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் 1982. வயது வரம்பைத் தாண்ட ஆறு வருடத்தைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். போன சில வாரத்தில், அவர் பார்த்துக்கொண்ட நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்றார் அவர், கொலை என்றது வழக்கு. ஆரம்ப விசாரணையில் வழக்கறிஞர் இல்லை, ஒழுங்கான தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தன. 2013 ஜனவரி 9-ல் தலையைத் துண்டித்தார்கள்.

அந்த மரணத்துக்குப் பிறகு இலங்கை அரசு செய்த முக்கியமான காரியம், வயது வரம்பை ஏற்றியது. சவூதிக்கு 25. ஏற்கனவே இருந்த வரம்பை ஒரு ஏஜெண்ட் பேனாவால் தாண்டியதுதான் பிரச்சினையின் தொடக்கம், தீர்வோ அந்த எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளிவைப்பது. அதே வருடம் இன்னொரு விதியும் வந்தது. வெளிநாடு போக விரும்பும் பெண்ணின் குடும்பப் பின்னணியை உள்ளூர் அதிகாரிகள் விசாரித்து அறிக்கை தர வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போக முடியாது. அப்பாக்களுக்கு அப்படி ஓர் அறிக்கை தேவைப்படவில்லை. 2022-ல் பொருளாதாரம் படுத்து, நாட்டுக்கு டாலர் தேவைப்பட்டபோது இந்த விதியைத் தளர்த்தினார்கள்.

வயதும் பிள்ளையும் எந்தக் கதவையும் உள்ளிருந்து திறக்க உதவுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த வீட்டில் பூட்டப்பட்ட பெண்ணுக்குத் தேவை மூன்று பொருள்கள்: பாஸ்போர்ட் தன் கையில், பேச ஒரு போன், திரும்ப ஒரு டிக்கெட். மூன்றும் பெரும்பாலும் முதலாளியின் அலமாரியில் இருக்கும். 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளர்களுக்காக 189-வது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதன் 9-வது பிரிவு, அடையாள ஆவணங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. 8-வது பிரிவில், வேலை முடிந்ததும் ஊர் திரும்பும் உரிமை எந்தெந்த நிபந்தனையில் உண்டு என்பதை ஒவ்வொரு நாடும் சட்டத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஹாக்னி விடுதியில் டிக்கெட்டுக்காகக் காத்திருந்த ஆயாக்களுக்கு இரண்டாவது முறை வாசிக்காமலே புரிந்திருக்கும். இந்தியாவும் இலங்கையும் அந்த உடன்படிக்கையை இதை எழுதும்வரை ஏற்று உறுதிசெய்யவில்லை.